மழை பெய்தால் எரியும் உலை

இந்தப் பயணத்துக்குத் தேதி குறித்தது நானல்ல, மழை. 2007, புரட்டாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடிகாலை ஐந்தரை மணிக்குக் கைபேசி அடித்தது. எடுத்தால், வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து பால்பாண்டி.

"சார், ராத்திரி பிடிச்ச மழை இங்கன இன்னும் விடல. கெளம்பி வாங்க. இன்னிக்கு விட்டா அப்புறம் எப்பன்னு எனக்கே தெரியாது."

மதுரையில் ஒரு சொட்டு இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. நான் வேலை பார்க்கும் கூட்டுறவு வங்கிக்கு வயிற்றுவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் குடையோடு மாட்டுத்தாவணிக்குப் போனேன். ஆட்டோக்காரர் என் குடையை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

பால்பாண்டி கத்தி செய்கிறவர். அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கும் பட்டறைகள் இந்தப் பக்கம் ஊருக்கு ஒன்று உண்டு. இவர் செய்வது வேறு. ஜப்பானில் மலைக்காட்டு ஆட்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற வெட்டுக்கத்தி. ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் குட்டை, முனை கூராக இல்லாமல் சதுரமாக முடியும். ஒரு பக்கம் பலகை மாதிரித் தட்டை, மறுபக்கம் மட்டும் சாணை. புதரை ஒதுக்கலாம், விறகைப் பிளக்கலாம், கூடாரத்துக்கு முளை சீவலாம். அங்கே அதற்கு 'நாத்தா' என்று பேர் என்பாள் அமுதா.

அமுதா என் மனைவி. ஷிகோகு என்ற தீவில், மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கல்யாணமான புதிதில் இருவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மலையேறுகிறவர்கள். அவள் தங்கியிருக்கும் ஊரில் ஒரு மரம்வெட்டி இடுப்பில் இந்தக் கத்தியைப் பார்த்து, ஆசைப்பட்டு, அதைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் கோடிழுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். தீபாவளிக்குப் பத்து நாள் லீவில் வருகிறாள். வருஷநாட்டு மலைக்குப் போவதாகத் திட்டம். போகும்போது அந்தக் கத்தி என் இடுப்பில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பத்து நாளுக்கு அப்புறம் என்ன என்பதுதான் தெரியவில்லை. அங்கே இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். என்ன பதில் சொன்னாய் என்று கேட்டால், "நேர்ல வந்து சொல்றேன்" என்கிறாள். மூன்று வாரமாக அதே பதில். இன்று ராத்திரி பேசும்போது விடுவதில்லை என்று பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

சிவகாசி பஸ், டிக்கெட் இருபத்தாறு ரூபாய். பக்கத்து சீட்டில் வாழ்த்து அட்டைக்கும் பட்டாசு லேபிளுக்கும் ஆர்டர் பிடிக்கிற ஒரு ஏஜெண்ட். மடியில் தோல்பை, பை மேல் கைக்குட்டை, கைக்குட்டை மேல் கை. திருமங்கலம் தாண்டியதும் என் குடையைக் காட்டி, "மழை வருமா?" என்றார்.

"சிவகாசியில் பெய்கிறதாம். நல்ல வேளை" என்றேன்.

மனிதர் என்னை உற்றுப் பார்த்தார். "சார், இம்புட்டு தூரம் வந்துட்டீக. இதை எங்கூர்ல வச்சுச் சொல்லிறாதீக. தீபாவளிக்கு முன்னாடி மழை பேஞ்சா சரக்குக் காயாது, ஷெட்டைப் பூட்டிருவாக, லோடு ஏறாது. நல்ல வேளையாம்ல." அப்புறம் விருதுநகர் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டார்.

விருதுநகரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. மதுரையிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு டீ, இரண்டு உளுந்த வடை, ஏழு ரூபாய். கடைக்காரர் வடையை எண்ணெய் வடிய விடாமலே காகிதத்தில் வைத்துத் தந்தார். எண்ணெய் வியாபார ஊர், இங்கே எண்ணெய்க்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆமத்தூர் தாண்டும்போது முதல் தூறல் விழுந்தது. திருத்தங்கல் வரும்போது வைப்பர் வேலை செய்யாமல் டிரைவர் தலையை வெளியே நீட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சிவகாசியில் இறங்கினால் தெருவெல்லாம் தண்ணீர். அச்சகங்களின் ஓரத்துச் சாக்கடையில் வெட்டி எறிந்த காகிதச் சீவல்கள் சிவப்பும் மஞ்சளுமாக மிதந்து போயின. கடை வாசல்களில் கைகட்டி நின்றவர்கள் எல்லோர் முகமும் வானத்தைப் பார்த்து உம்மென்றிருந்தது. ஊரிலேயே சந்தோஷமாக இருந்தவன் நான் ஒருவன்தான். முகத்தை மாற்றி வைத்துக்கொண்டேன்.

வெம்பக்கோட்டை பஸ் ஒன்பது மணிக்கு. பதினாறு கிலோமீட்டர், ஐந்து ரூபாய். விஸ்வநத்தம் விலக்கில் ஒரு பெண் ஏறினார். முப்பது வயதிருக்கும். தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார், மார்போடு ஒரு துணிப்பை. பை நனையாமல் தான் நனைந்திருந்தார். பஸ்ஸில் இடமிருந்தும் உட்காராமல், பையைக் கம்பியில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். என்ன வீம்பு என்று நினைத்தேன். நான் இறங்கிய இடத்திலேயே அவரும் இறங்கினார். கருவேல மரங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

"பால்பாண்டி பட்டறைக்குத்தான?" என்று திரும்பிக் கேட்டார். "மதுரை சார்தான நீங்க? சொல்லியிருக்காக. நான் அவுக வீட்டுக்காரி, ராமலட்சுமி. பாத்து வாங்க, கரம்பை மண்ணு வழுக்கும்." சொல்லிவிட்டு இன்னும் வேகமாக நடந்தார். கடைசிக் கொஞ்ச தூரத்தில் ஓடினார் என்றே சொல்ல வேண்டும்.

பட்டறை என்றால் நாலு கல்தூண், மேலே தகரம், மூன்று பக்கம் கீற்றுத் தட்டி. ஒட்டினாற்போல் ஓட்டு வீடு, ஒரே அறை. புதிதாக வெள்ளையடித்திருந்தது. வாசலில் நின்ற பால்பாண்டி எனக்குக் கும்பிடு போட்டார். கண் மனைவி மேலேயே இருந்தது. நாற்பது வயது, மெலிந்த ஆள், முன்னங்கையெல்லாம் பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்பு.

"வாங்க சார், சாப்பிட்டீகளா?" என்றார் என்னிடம். அதே மூச்சில் மனைவியிடம், "ஏ பிள்ள, லேபிளுக்கு மாத்தச் சொல்லிப் போர்மேன்ட்ட கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். சீசன் முடியட்டும், பாப்பம்ங்காரு."

"பாப்பம்னாரா? அப்பச் சரின்னுதான் அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, பால்பாண்டி சும்மாவே சுத்தியலை எடுத்து இடம் மாற்றி வைத்தார். ராமலட்சுமி பையை வாசல் ஓரத்து முளைக்குச்சியில் மாட்டிவிட்டுப் பின்பக்கம் போனார்.

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. அதோடு உதவி செய்கிற வியாதியும் உண்டு. முளைக்குச்சிக்கு மேலே ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. பாவம், பஸ்ஸில் அவ்வளவு பத்திரமாகக் கொண்டு வந்த பை நனைகிறதே என்று எடுத்து, பட்டறைக்குள் நல்ல காய்ந்த பலகையாகப் பார்த்து வைத்தேன். பால்பாண்டி அப்போது கரி எடுக்கப் போயிருந்தார். வேறு சேலை கட்டிக்கொண்டு வந்த ராமலட்சுமி பையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அது அரம் போடுகிற பலகை. பலகை முழுக்க இரும்புத் தூள்.

அப்புறம்தான் எனக்கு விஷயம் விளங்கியது. ராமலட்சுமி விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை செய்கிறார். வெடிமருந்துக்கு இங்கே வெறும் மருந்து என்றுதான் பெயர். அந்த அறைக்குள் இரும்பு என்பதே ஆகாது. செருப்பு கிடையாது, கொண்டை ஊசி கிடையாது, சேலையில் ஊக்கு கிடையாது. இரும்பு உரசினால் பொறி, பொறி பறந்தால் அவ்வளவுதான். திரி வெட்டுவது முதல் மருந்து அள்ளுவது வரை பித்தளையும் மரமும்தான். கொல்லுப் பட்டறையில் குடியிருக்கும் பெண்ணை மருந்து அறையில் விட மாட்டேன் என்று போர்மேன் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை. அதனால் ராமலட்சுமி விஸ்வநத்தத்தில் அக்கா வீட்டில் இருக்கிறார், பால்பாண்டி இங்கே இருக்கிறார். கம்பெனி பூட்டுகிற மழை நாளில் மட்டும் வருவார். வந்ததும் சேலை மாற்றிவிடுவார். இங்கே கட்டுகிற சேலை இங்கேயே பெட்டியில் கிடக்கும். திரும்பும்போது தலைக்குக் குளித்து, பையில் கொண்டு வந்த நூல் சேலையைக் கட்டிக்கொண்டு போவார். நான் தூளில் கொண்டுபோய் வைத்தது அந்தச் சேலையை.

"நல்ல உபகாரம் பண்ணுனீக சார்" என்று ராமலட்சுமி சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிணற்றடியில் மழையிலேயே சேலையை மூன்று தண்ணீர் அலசினார். பட்டறைப் பக்கம் காயப்போட முடியாது என்று தள்ளியிருந்த ஆட்டுக்கொட்டகையில் கொண்டுபோய் விரித்தார். "மழை விடாம இருந்தா ராத்திரி தங்கிருவேன். காலையில காஞ்சிரும். விட்டுட்டாத்தான் பாடு. வெள்ளன ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்குக் கம்பெனி வேன் வந்துரும், இங்கனருந்து அதுக்குப் பஸ் கெடையாது. சாயங்காலமே போயாகணும்."

"எத்தனை நாள் கழித்து வந்திருக்கிறீர்கள்?" என்றேன்.

"அஞ்சு வாரம்."

அந்தக் கணத்தில் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து ஒரு மழை. அந்த மழையைப் பங்கு கேட்டு மதுரையிலிருந்து குடையோடு ஒருவன். கத்தி இன்னொரு நாள் ஆகட்டும், நான் கிளம்புகிறேன் என்று பால்பாண்டியிடம் சொன்னேன். அவர் தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். ராமலட்சுமி விடவில்லை.

"நீங்க போனா மட்டும்? இவரு அணைஞ்ச அடுப்பைப் பாத்துக்கிட்டு முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அஞ்சு வாரமா அதுவும்தான் எரியல. உக்காருங்க. ஏங்க, கரியைப் போடுங்க."

அதற்கும் ஒரு கதை உண்டு. பட்டறைக்குக் கிழக்கே அரைக் கிலோமீட்டரில், கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம், இன்னொரு சின்னப் பட்டாசுக் கம்பெனி. வெயில் அடித்தால் சரக்கை வெளியில் பரப்பிக் காயப்போடுவார்கள். அப்படிக் காயும் நாளில் பால்பாண்டி உலை மூட்டக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லை, வாய்ச்சொல்தான். சீசன் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடக்கும். ஆக மழை பெய்தால்தான் நெருப்பு. அந்த மழையில்தான் மனைவியும் வருவார். வானம் இந்த மனிதருக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் கையை விரிக்கிறது.

உலை பிடிப்பதற்குள் தான் எப்படி இதில் விழுந்தார் என்று பால்பாண்டி சொன்னார். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற மிஷினில் பத்து வருஷம் வேலை பார்த்தவர் அவர். ஜப்பானிலிருந்து பழைய மிஷின் ஒன்று வந்து இறங்கியது. மாட்டிக் கொடுக்க அந்த நாட்டு மெக்கானிக் ஒருவரும் வந்தார். பெட்டியின் கயிற்றை அறுக்க அவர் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார்.

"ஒரு பக்கம்தான் சாணை சார். கயிறு அறுந்ததே தெரியல, தானா விட்டுப் போன மாதிரி இருந்துச்சு. அன்னிக்குப் பிடிச்ச கிறுக்கு இது. பொறவு மிஷின் பிளேடைச் சாணைக்கு எடுக்கையில பாக்கேன், ஓரத்துல ரெண்டு நெறம். பச்சிரும்பு மேல எஃகை ஒட்டவச்சிருக்கான். எஃகு வெட்டும், பச்சிரும்பு ஒடியாமத் தாங்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் கத்தி."

தேய்ந்து கழித்த அந்தப் பிளேடுகளைத்தான் விலைக்கு வாங்கி அறுத்து, காய்ச்சி, கத்தி ஆக்குகிறார். அமுதாவின் காகிதத்தை ஆறு வாரத்துக்கு முன் கொடுத்திருந்தேன். அதைக் கீற்றுத் தட்டியில் குத்தி வைத்துக்கொண்டு கோட்டுக்குக் கோடு அதே வடிவத்தை எடுத்திருந்தார். வடிவம் முடிந்துவிட்டது. இன்று நடக்க வேண்டியது தோய்ச்சல். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்குவது. அதுவரை அது வெறும் இரும்புத் துண்டு. தோய்ச்சலில் விரிசல் விட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். போன முறை ஒன்று அப்படிப் போயிருக்கிறது.

வெம்பக்கோட்டை அணைக்கட்டுக் கரையில் எடுத்த வண்டலையும் கரித்தூளையும் குழைத்துக் கத்தியின் முதுகுப் பக்கம் கனமாகப் பூசினார். வெட்டுகிற வாய்ப் பக்கம் லேசாக, இருக்கா இல்லையா என்று. அப்படிப் பூசினால் வாய் சடக்கென்று குளிர்ந்து இறுகும், முதுகு மெதுவாக ஆறி மெத்தென்று நிற்கும். கருவேலங் கரி செக்கச் சிவந்து கிடந்தது. ராமலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காற்றடிக்கும் சக்கரத்தைச் சுற்றினார். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் கை கொஞ்சம் தாழ்ந்தால் இவர் சுற்றுவது நிதானப்படும், அவர் கத்தியைத் திருப்பினால் இவர் வேகம் கூட்டுவார். நான் ஒரு மூலையில் சாக்கில் உட்கார்ந்து, மழை அடித்துப் பெய்யட்டும், சாயங்காலம் விடாமல் இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை அந்த ஏஜெண்ட் கேட்டிருந்தால் என்னை அடித்திருப்பார்.

இருட்டாக இருந்தால்தான் இரும்பின் நிறம் சரியாகத் தெரியும் என்றார் பால்பாண்டி. மழை நாளில் அதுவும் ஒரு வசதி. பட்டறைக்குள் பகலிலேயே அந்தி மாதிரி இருந்தது. கத்தி கருஞ்சிவப்பாகி, சிவப்பாகி, பழுத்த கோவைப்பழ நிறத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் என்று அவர் உதடு அசைந்தபோது, தட்டியின் இடுக்கு வழியாக ஒரு வெளிச்சக் கீற்று தரையில் விழுந்தது.

மூவரும் அதைப் பார்த்தோம். தகரத்தில் மழைச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

"சுத்து பிள்ள" என்றார் பால்பாண்டி, மெதுவாக.

சுற்றினார். ராமலட்சுமி ஒரு கையால் முந்தானையை விரித்து வெளிச்சம் வந்த இடுக்கை மறைத்தபடி இன்னொரு கையால் சுற்றினார். பால்பாண்டி கத்தியைத் தூக்கி, ஒரு மூச்சு விட்டு, தொட்டித் தண்ணீரில் நேராக இறக்கினார். ஒரு சீறல், ஆவி. அப்புறம் மூவரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். விரிசல் விட்டால் சின்னதாக ஒரு 'டிக்' கேட்குமாம். கேட்கவில்லை. வெளியே எடுத்துத் தட்டைப் பக்கத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். தோய்ச்சலில் ஒரு பக்கமாக வளையும் என்று தெரிந்து முன்கூட்டியே எதிர்ப்பக்கம் ஒரு நூல் அளவு வளைத்து வைத்திருந்தாராம். இப்போது நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"வந்துருச்சு" என்றார். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை. கங்கில் காட்டி இளஞ்சூடு ஏற்றிப் பதம் இறக்கியதும், தொட்டித் தண்ணீரை மொண்டு உலையில் ஊற்றினார். ஐந்து வாரம் காத்திருந்த நெருப்பு, மூன்று வாளித் தண்ணீரில் அடங்கியது. கிழக்கே கம்பெனிப் பக்கம் சாக்கு விரிக்கும் ஆட்களின் குரல் கேட்டது.

மத்தியானம் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிடும்போது பால்பாண்டி வெள்ளையடித்த சுவரைக் காட்டி, லேபிள் ஒட்டுகிற பகுதிக்கு ராமலட்சுமி மாறிவிட்டால் எங்கே அலமாரி, எங்கே கண்ணாடி என்று எனக்கு விளக்கினார். லேபிளுக்கு மருந்து அறைக் கட்டுப்பாடு கிடையாது. பட்டறை வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம். "தை பொறந்தா இங்கனதான் சார் இருப்பா" என்றார். ராமலட்சுமி குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினார். கத்திக்குப் பூவரசங் கட்டையில் கைப்பிடி மாட்டி, அதே மரத்து உறையில் சொருகி, எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார். கையில் பிடித்ததும் அமுதாவின் காகிதத்துக்குக் கனம் வந்துவிட்டது என்று தோன்றியது. அவள் நினைவு அப்படி வந்து மோதும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முகத்தைக் கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போனேன்.

நாலு மணி பஸ்ஸுக்கு நானும் ராமலட்சுமியும் கிளம்பினோம். ராமலட்சுமி தலைக்குக் குளித்துவிட்டு, ஆட்டுக்கொட்டகையில் பாதிகூடக் காயாத அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு வந்தார். என் உபகாரம் அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. குளித்த பிறகு அவர் பட்டறைப் பக்கம் வரக் கூடாது, பால்பாண்டியும் அவரைத் தொடக் கூடாது. பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் பாதையின் இந்த ஓரம், இவர் அந்த ஓரம். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம், அவ்வளவு இடைவெளி. பழகிப்போய் இருவரும் ஒரே வேகத்தில் நடந்தார்கள்.

நிறுத்தத்தில் ஒரு பாலச் சுவர் உண்டு. பால்பாண்டி மடியிலிருந்து வாழைச்சருகுப் பொட்டலம் ஒன்றை எடுத்துச் சுவரில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். ராமலட்சுமி போய் எடுத்துப் பிரித்தார். சாணளவில் ஒரு பித்தளைக் கத்தி. சதுர முனை, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சாணை. என் கத்தியின் குழந்தை மாதிரி இருந்தது.

"இரும்பு படவே இல்ல பிள்ள. கல்லுல வச்சுக் கல்லாலயே தட்டுனது. உலை இல்லாத நாளெல்லாம் இதுதான் வேலை. புளி போட்டு மூணு தடவ கழுவிட்டேன். திரி வெட்டிப் பாரு." அப்புறம், "இந்த ஒரு சீசனுக்குத்தான. லேபிளுக்குப் போயிட்டா இது எதுக்கு" என்றார்.

ராமலட்சுமி கத்தியின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். பஸ் வந்தது.

பஸ்ஸில் ஆறேழு பேர்தான். "கோவிச்சுக்கிடாதீக, நீங்க பின்னால போயி உக்காருங்க. உங்க மேலயும் தூளு, கையில வேற இரும்பு" என்றார். மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் பால்பாண்டி அங்கேயே நின்றார். கையைத் தூக்கவில்லை. பஸ் திரும்பும் வரை வானத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மூன்று ஊர் போயிருக்கும். ராமலட்சுமி திரும்பாமலே கேட்டார்.

"அண்ணே, பித்தளை எம்புட்டு வருசம் வரும்?"

காலையிலிருந்து சார் என்றவர் அண்ணன் ஆக்கிவிட்டார். "ஒரு சீசனுக்குத்தானே..." என்று இழுத்தேன்.

"போர்மேன் முடியாதுன்டாருண்ணே. மருந்துக்குக் கை பழகுன ஆளை எப்பிடி விடுறது, லேபிளுக்கு ஆளு வரிசையில நிக்குதுங்காரு. போன வாரமே சொல்லிட்டாரு."

வேலையை விட்டுவிட்டால் என்ன என்று வாய் வரைக்கும் வந்தது. அது புரிந்தது போல அவரே சொன்னார்: "இவுக கத்திக்கு வருசத்துக்கு எத்தனை ஆர்டர் வரும்? உங்களுக்கே தெரியும்."

"அவரிடம் ஏன் சொல்லவில்லை?"

"அஞ்சு வாரம் கழிச்சு ஒரு பகல் கெடைக்கி. அதைப் போயி நானே கெடுக்கவா? சீசன் முடியவும் சொல்லிக்கிடுவேன். அதுவரைக்கும் அலமாரியாவது செஞ்சுக்கிட்டு இருக்கட்டும்." ஈரச் சேலையை உதறி முழங்காலுக்கு மேல் விரித்துக்கொண்டார். "எத்தனை வருசம் வரும்னு சொல்லலையே."

"நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் வரும்" என்றேன்.

"அப்பச் சரி" என்றார். விஸ்வநத்தம் விலக்கில் இறங்கிக்கொண்டார். பொட்டலத்தை மார்போடு பிடித்திருந்தார், காலையில் சேலைப் பையைப் பிடித்திருந்த மாதிரியே.

மதுரை வந்து சேரும்போது இருட்டிவிட்டது. ஊர் காலையில் விட்ட மாதிரியே காய்ந்து கிடந்தது. என் குடை மட்டும் ஈரம். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஐந்து ரூபாய் டிக்கெட் தூரம்கூட இல்லை. எங்களுக்கு நடுவில் கடல் இருக்கிறது, இருந்தாலும் ராத்திரியானால் குரல் கேட்கிறது. எங்கள் பாடு தேவலை என்று மத்தியானம் யாராவது சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்; பஸ்ஸில் ராமலட்சுமி சொன்னதைக் கேட்ட பிறகு அப்படித் தோன்றவில்லை.

எட்டு மணிக்கு அமுதா கூப்பிட்டாள். அங்கே நடுராத்திரி நெருங்குகிற நேரம். இந்த முறை விடுவதில்லை என்று காலையில் முடிவு செய்திருந்த கேள்வி நாக்கில் தயாராக இருந்தது. நேரில் வந்து சொல்கிறேன் என்று மூன்று வாரமாக ஏன் சொல்கிறாள் என்று கோபப்பட்டவன் நான். இப்போது அது தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. பத்து நாள் இருக்கிறது. அதை முன்கூட்டியே கெடுப்பானேன் என்று அவள் நினைத்திருக்கலாம்.

"என்ன பேசவே மாட்டேங்கிறே?" என்றாள்.

"கத்தி வந்துவிட்டது. நீ கோடு போட்ட மாதிரியே, நூல் பிடித்தாற்போல் நேராக வந்திருக்கிறது" என்றேன்.

"உறை எந்த மரத்துல?" என்று கேட்டாள். பூவரசு என்றேன். கைப்பிடி எப்படி இருக்கிறது, கனம் எவ்வளவு, வருஷநாட்டுக்கு எந்த வழியாகப் போகலாம் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். நானும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.